பாறைமேல் ஏறும் முன் கழற்றப்படும் தண்டு

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் இருக்கிறது ரூபிகான் பாதை. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறையும் குழியும் உருண்டைக் கற்களுமாகக் கிடக்கும் அந்தப் பாதையில், நாலு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும் ஜீப் போன்ற வண்டிகள்தான் தாக்குப்பிடிக்கும். தார்ச் சாலை முடியும் இடத்தில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி இரண்டு வேலைகள் செய்கிறார்கள். டயரில் காற்றைக் குறைப்பது ஒன்று. முன் அச்சின் பக்கம் குனிந்து, இரு புறமும் ஒரு பின்னை உருவி, எஃகுத் தண்டு ஒன்றைச் சக்கரங்களிடமிருந்து விடுவிப்பது இன்னொன்று.

காற்றைக் குறைப்பதன் காரணம் எளிது. டயர் தளர்ந்து, பாறையை அதிகப் பரப்பில் பற்றும். தண்டின் விஷயம்தான் புதிர். வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுப்பதற்கென்றே தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட உறுப்பு அது. வண்டி மிக அதிகமாகச் சாயக்கூடிய இடத்துக்குள் நுழையும்போது அதையே கழற்றிவிடுவது எப்படிச் சரியாகும்?

வளைவில் தண்டு செய்யும் வேலை

வேகமாகத் திரும்பும் பேருந்தில் நிற்பவர் வளைவின் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகிறார். வண்டியின் உடலுக்கும் அதே நிலைதான். சக்கரங்கள் சாலையைப் பற்றிக்கொண்டு திரும்பிவிட, மேலே இருக்கும் உடல் நேராகவே போகப் பார்க்கிறது. அதனால் வெளிப்பக்க ஸ்பிரிங்குகள் அமுங்குகின்றன, உட்பக்க ஸ்பிரிங்குகள் நீள்கின்றன, உடல் சாய்கிறது. உயரமான வண்டியில் இந்தச் சாய்வு இன்னும் கூடுதல். ஸ்பிரிங்குகளையே விறைப்பாக்கிச் சாய்வைக் குறைக்கலாம்தான். ஆனால் அப்போது சின்னச் சின்ன மேடுபள்ளம் எல்லாம் உள்ளே இருப்பவர்களின் இடுப்பைப் பதம்பார்க்கும்.

இந்த இக்கட்டைத் தீர்க்க வந்ததுதான் சாய்வுத் தண்டு. ஒர்க் ஷாப்பில் இதை ஸ்டெபிலைசர் பார் என்பார்கள்; பாறைப் பாதைகளில் ஓட்டுபவர்கள் ஸ்வே பார் என்பார்கள். கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பார்ப்பதற்கு எளிய பொருள்: அகன்ற ‘ப’ வடிவில் வளைத்த எஃகுத் தண்டு. அதன் நீண்ட நடுப்பகுதி வண்டியின் குறுக்கே, சேசிஸில் பொருத்திய இரண்டு ரப்பர் புஷ்களுக்குள் படுத்திருக்கும். இரு முனைகளும் கைகளைப்போல் நீண்டு, லிங்க் எனப்படும் குட்டைத் தண்டுகள் வழியாக ஒன்று இடச் சக்கரத்தின் பக்கமும் மற்றது வலச் சக்கரத்தின் பக்கமும் இணைந்திருக்கும்.

வேகத்தடையைத் தாண்டும்போது இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. அப்போது தண்டு புஷ்களுக்குள் சும்மா சுழலுமே தவிர எதிர்ப்பு காட்டாது. ஒரு சக்கரம் உயர்ந்து மற்றது தாழ்ந்தால் கதை வேறு. இரு கைகளும் எதிரெதிராகத் திரும்ப, நடுப்பகுதி முறுகுகிறது. முறுகிய எஃகு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். உயர்ந்த சக்கரத்தைக் கீழே அழுத்தும், தாழ்ந்த சக்கரத்தை மேலே இழுக்கும். வளைவில் உடலின் சாய்வு மட்டுப்படுவது இப்படித்தான்.

தண்டு எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பதைப் பெரும்பாலும் அதன் தடிமன் தீர்மானிக்கிறது, அதுவும் வியக்கத்தக்க அளவில். நீளமும் வடிவமும் மாறாமல், 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டுக்குப் பதிலாக 30 மில்லிமீட்டர் தண்டைப் பொருத்தினால் விறைப்பு இரண்டு மடங்காகிவிடும். விட்டத்தையே இரட்டிப்பாக்கினால் 16 மடங்கு. கட்டைவிரல் பருமனே உள்ள ஒரு கம்பி இரண்டு டன் வண்டியின் சாய்வை அடக்குவது இதனால்தான்.

வளைவும் பாறையும் தண்டுக்கு ஒன்றே

தண்டுக்கு வேகம் தெரியாது, சாலை தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: சேசிஸிலிருந்து பார்த்தால் இடச் சக்கரமும் வலச் சக்கரமும் எவ்வளவு உயர வித்தியாசத்தில் நிற்கின்றன என்பது. நெடுஞ்சாலை வளைவில் உடல் சாய்வதால் அந்த வித்தியாசம் வருகிறது. பாறைப் பாதையில் தரை சமமில்லாததால் வருகிறது. இரண்டுக்கும் தண்டு ஒரே பதிலைத்தான் தரும்.

வளைவில் அந்தப் பதில் நன்மை. பாறையில் அது தீமையாகிறது. இடச் சக்கரம் ஒரு பாறைமேல் ஏறும்போது வலச் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தேட வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தண்டு அதை மேலே இழுத்துப் பிடிக்கிறது.

ஒரு வண்டி, ஒரு பாறை, ஒரு கணக்கு

அளவுகளை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கணக்குக்கு வசதியாக முழு எண்களை எடுத்துக்கொள்வோம். எந்தக் குறிப்பிட்ட வண்டியின் அளவுகளும் அல்ல இவை.

வண்டியின் முன் அச்சின்மேல் 1000 கிலோ சுமை இருக்கிறது. சமதரையில் நிற்கும்போது இடச் சக்கரத்துக்கு 500, வலச் சக்கரத்துக்கு 500. ஸ்பிரிங் ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் அந்தச் சக்கரத்தின்மேல் சுமை 20 கிலோ கூடும். ஒரு சென்டிமீட்டர் நீண்டால் 20 கிலோ குறையும். சாய்வுத் தண்டோ, இரு சக்கரங்களுக்கும் இடையே ஏற்படும் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயர வித்தியாசத்துக்கும் 10 கிலோவைத் தாழ்ந்த சக்கரத்திலிருந்து எடுத்து உயர்ந்த சக்கரத்தின்மேல் வைக்கும்.

இப்போது இடது முன்சக்கரம் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள பாறைமேல் ஏறுகிறது. பின்சக்கரங்கள் சமதரையில் நின்று உடலைச் சாயாமல் பிடித்திருக்கின்றன என்று கொள்வோம். அப்படியானால் இட ஸ்பிரிங் 10 சென்டிமீட்டர் அமுங்கும், வல ஸ்பிரிங் 10 சென்டிமீட்டர் நீளும்.

தண்டு கழற்றப்பட்டிருந்தால் ஸ்பிரிங்குகளின் கணக்கு மட்டும்தான். இடது 500-உடன் 200 கூடி 700 கிலோ. வலது 500-இல் 200 குறைந்து 300 கிலோ.

தண்டு மாட்டியிருந்தால் அதன் பங்காக இன்னும் 200 கிலோ இடம் மாறும். இடது 900, வலது 100. மொத்தம் அதே 1000 கிலோதான். ஆனால் வலச் சக்கரம் தரையை இலேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே. பாறை இன்னும் 5 சென்டிமீட்டர் உயரமாக இருந்திருந்தால், அதாவது 25 சென்டிமீட்டரில், வலச் சக்கரத்தின் சுமை பூஜ்யம். அதற்குமேல் அது அந்தரத்தில் தொங்கும். தண்டு இல்லாத வண்டியில் அதே சக்கரம் தரையை விடுவதற்குப் பாறை 50 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். நடைமுறையில் அதற்கு முன்பே ஷாக் அப்சார்பரின் நீளம் தீர்ந்து அச்சு நின்றுவிடலாம். எப்படியானாலும் வித்தியாசம் பெரியது.

உடல் சாயாது என்று வைத்துக்கொண்டது ஒரு எளிமைப்படுத்தல். உண்மையில் உடல் ஓரளவு சாயும். அந்தச் சாய்வு பின்சக்கரங்களின் சுமையையும் மாற்றும். எண்கள் மாறும், போக்கு மாறாது.

தொங்கும் சக்கரம் வண்டியை நிறுத்துவது எப்படி

ஒரு சக்கரம் தொங்கினால் என்ன, மீதி மூன்றும் தரையில்தானே இருக்கின்றன என்று தோன்றலாம். நாலு சக்கர இயக்கம் உள்ள வண்டிகூட ஒற்றைச் சக்கரத்தைக் காற்றில் சுழற்றிக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். காரணம் டிஃபரன்ஷியல்.

வளைவில் வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தூரம் உருள வேண்டும். அதற்காக இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: அது இரு சக்கரங்களுக்கும் எப்போதும் ஒரே அளவு திருப்புவிசையைத்தான் தரும். பிடி குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்ற சக்கரத்துக்கும். அதற்குமேல் இன்ஜினை முடுக்கினால் பிடியற்ற சக்கரம் சுழலும். நல்ல பிடியுள்ள சக்கரம் சும்மா நிற்கும்.

மேலே பார்த்த கணக்கைத் தொடரலாம். பாறையில் டயர் தன்மேல் விழும் சுமையில் பத்தில் ஆறு பங்கு அளவுக்குத் தள்ளும் என்று கொள்வோம். தண்டு மாட்டிய வண்டியில் வலச் சக்கரத்தின்மேல் 100 கிலோ. அது 60 கிலோ அளவு தள்ளும். இடச் சக்கரம் 540 வரை தள்ள வல்லது என்றாலும் அதற்கும் 60-தான் கிடைக்கும். முன் அச்சின் மொத்தத் தள்ளல் 120. தண்டைக் கழற்றிய வண்டியில் வலச் சக்கரம் 300 கிலோவைச் சுமக்கிறது; அது 180 தள்ளும், இடதும் 180. மொத்தம் 360. இரண்டே இரண்டு பின்களை உருவியதில் முன் அச்சின் தள்ளும் திறன் மூன்று மடங்காகிவிட்டது.

பின் அச்சிலும் இதே நிலை வரும். முன் இடச் சக்கரம் மேட்டிலும் பின் வலச் சக்கரம் இன்னொரு மேட்டிலும் ஏறினால், எதிர் மூலைகளில் இருக்கும் மற்ற இரண்டும் ஒன்றாகச் சுமை இழக்கும். இரண்டு அச்சிலும் ஒவ்வொரு சக்கரம் வெறுமனே சுழல, வண்டி குறுக்காகத் தூக்கி நிறுத்தப்பட்டதுபோல் நின்றுவிடும். பாறைப் பாதையில் வண்டிகள் மாட்டிக்கொள்ளும் வழக்கமான நிலை இது.

டிஃப் லாக் இருக்கும்போது தண்டைக் கழற்றுவது எதற்கு?

டிஃபரன்ஷியலைப் பூட்டிவிட்டால் இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். பிடியுள்ள சக்கரத்துக்கு வேண்டிய விசை போய்ச் சேரும். நம் எடுத்துக்காட்டில் முன் அச்சின் தள்ளல் தண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 600-தான். அப்படியானால் டிஃப் லாக் உள்ள வண்டிக்குத் தண்டைக் கழற்றுவது தேவையற்றதா?

ஜீப் நிறுவனம் தன் ராங்ளர் ரூபிகான் மாடலில் 2003-இலேயே முன்னும் பின்னும் டிஃப் லாக் தந்தது. ஆனாலும் 2007-இல் வந்த புதிய தலைமுறை ரூபிகானில், பொத்தானை அழுத்தித் தண்டை விடுவிக்கும் வசதியையும் சேர்த்தது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. முன் டிஃபரன்ஷியலைப் பூட்டினால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பாறைகளுக்கு நடுவே வண்டியை நுணுக்கமாகத் திருப்புவது கடினம். ஒரே டயரின்மேல் 900 கிலோவை ஏற்றினால் வழுக்கும்போது அந்த ஒரு டயரே எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அரை அச்சுக்கும் மூட்டுகளுக்கும் அது கூடுதல் பாரம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உடலின் நிலை. விறைப்பான தண்டு அச்சையும் உடலையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. அச்சு பாறைமேல் சாய்ந்தால் உடலும் கூடவே சாய்கிறது. தொங்கும் சக்கரம் திடீரெனத் தரையில் விழும்போது வண்டி முழுவதும் தூக்கிப் போடுகிறது. தண்டை விடுவித்தால் முன் அச்சு தரையின் போக்கில் ஏறி இறங்கும்; பின் அச்சு பிடித்திருக்கும் உடல் அனேகமாக மட்டமாகவே நகரும். முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது: மெதுவாக ஊர்ந்து செல்லும் பாறைப் பாதையில் தண்டு சாய்வைக் குறைப்பதில்லை, தரையின் சாய்வை உடலுக்குக் கடத்துகிறது.

கழற்றக் கூடாத இடம்

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தண்டைக் கழற்றியவர்கள் மறந்துவிடும் விலக்கும் இதுவே. மலைச் சரிவைக் குறுக்காகக் கடக்கும் பாதையில் இரு அச்சுகளும் ஒரே பக்கம், பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். வண்டியின் எடை கீழ்ப்பக்க ஸ்பிரிங்குகளை அமுக்கும். தண்டு இல்லாவிட்டால் உடல் இன்னும் அதிகமாகக் கீழ்ப்பக்கம் சாயும். எடையின் மையமும் அந்தப் பக்கம் நகரும். கவிழும் எல்லை நெருங்கும். இங்கே தண்டு மாட்டியிருப்பதுதான் பாதுகாப்பு.

ஆகவே பாறைப் பாதை என்றாலே கழற்ற வேண்டும் என்ற விதி தவறு. இரு அச்சுகளும் எதிரெதிராகத் திருகப்படும் இடத்தில் கழற்றலாம். இரண்டும் ஒரே பக்கம் சாயும் இடத்தில் கழற்றக் கூடாது.

நிரந்தரமாக நீக்கிவிட்டால்

சிலர் போல்ட்டைக் கழற்றித் தண்டையே வீட்டில் வைத்துவிடுகிறார்கள். பாறைப் பாதைக்கு டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகும் வண்டிக்கு அது பொருந்தும். தார்ச் சாலையிலும் ஓடும் வண்டிக்கு அது மோசமான பேரம்.

நிதானமாக ஓட்டும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே ஏதோ வர, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் வெட்டி உடனே மறுபக்கம் திருப்ப வேண்டியிருந்தால், உடல் முதலில் ஒரு பக்கம் சாய்ந்து, அது நிமிரும் வேகத்தோடு மறுபக்கம் விழும். இரண்டாவது சாய்வு முதலாவதைவிடப் பெரிதாக இருக்கும். உயரமான வண்டிகள் கவிழ்வதற்கு இது ஏற்ற தருணம்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சாய்வைத் தடுக்கும் பொறுப்பு முன், பின் அச்சுகளுக்கு இடையே ஒரு கணக்கோடு பங்கிடப்பட்டிருக்கிறது. முன் தண்டை மட்டும் நீக்கினால் அந்தப் பொறுப்பு பின் அச்சின் தலையில் விழும். பின் டயர்களில் ஒன்று அதிகச் சுமையும் மற்றது குறைந்த சுமையும் ஏற்க, பின்பக்கத்தின் பிடி குறைகிறது. அவசரத் திருப்பத்தில் வண்டியின் பின்பகுதி வெளியே வீசப்படும் வாய்ப்பு கூடுகிறது. வழுக்கலைச் சமாளிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில், அதன் கணிப்புகள் எல்லாம் தண்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை.

நடுவழி ஒன்றும் உண்டு. தொழிற்சாலைத் தண்டுக்குப் பதிலாக நீளமான கைகளும் மெல்லிய நடுப்பகுதியும் கொண்ட மென்மையான தண்டைப் பொருத்துவது. அது முழுச் சுதந்திரமும் தராது, முழு விறைப்பும் தராது. ஆனால் மறந்துபோய் அவிழ்த்த நிலையிலேயே நெடுஞ்சாலையில் ஏறும் அபாயம் இல்லை.

பின், மோட்டார், எண்ணெய்

தண்டை வேண்டும்போது விடுவித்து வேண்டும்போது மாட்டும் வழிகள் மூன்று விதம்.

மிக எளியது லிங்கில் போல்ட்டுக்குப் பதிலாக உருவி எடுக்கக்கூடிய பின். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் செய்ய வேண்டும். தரை சரிந்திருந்தால் தண்டு முறுகி நிற்கும். பின் இறுகிக்கொள்ளும், உருவினாலும் தண்டு துள்ளிக் கையில் அடிக்கலாம். விடுவித்த கைகளை மேலே தூக்கிச் சேசிஸோடு கட்டிவிடுவது கட்டாயம். தொங்கவிட்டால் ஸ்டீயரிங் திருப்பும்போது டயரிலோ பிரேக் ஹோஸிலோ உரசும். பிரேக் ஹோஸின் நீளத்தையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். தண்டு இருந்தவரை அச்சு போகாத ஆழத்துக்கு இப்போது இறங்கும். குட்டையான ஹோஸ் இழுபட்டு அறுந்தால் பிரேக்கே இல்லை. நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டிய வண்டிகளில் சுருள் ஸ்பிரிங் தன் இருக்கையைவிட்டு நழுவுவதும் நடக்கும்.

இரண்டாவது வழியில் தண்டு நடுவில் இரண்டாக வெட்டப்பட்டு, இடையே பல்லிணைப்பு ஒன்றும் சின்ன மின்மோட்டாரும் வைக்கப்பட்டிருக்கும். 2005-இல் டாட்ஜ் ராம் பவர் வேகன் டிரக்கிலும் பிறகு ரூபிகானிலும் வந்தது இது. ரூபிகானில் நாலு சக்கர இயக்கம் போட்டிருந்தால்தான் பொத்தான் வேலை செய்யும். வேகம் மணிக்கு 29 கிலோமீட்டரைத் தாண்டினால் தண்டு தானாக மாட்டிக்கொள்ளும். 22-க்குக் கீழே இறங்கினால் மீண்டும் விடுபட முயலும். இரு பாதிகளும் முறுகலில் இருந்தால் பல் விடுபடாது, பொருந்தவும் செய்யாது. டாஷ்போர்டு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், வண்டியைச் சற்று நகர்த்தி மட்டமாக்க வேண்டும். 2021-இல் வந்த ஃபோர்டு பிராங்கோ, ஹைட்ராலிக் அழுத்தத்தைப் பயன்படுத்தி, தண்டு முறுகியிருக்கும்போதே விடுவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பாறைமேல் ஏறிய பிறகு பொத்தான் நினைவுக்கு வரும் ஓட்டுநருக்கு அது பெரிய உதவி.

மூன்றாவதுதான் பொறியியலில் மிக அழகானது. ஆஸ்திரேலியாவின் கைனெட்டிக் நிறுவனம் உருவாக்கி, டொயோட்டா கேடிஎஸ்எஸ் என்ற பெயரில் லேண்ட் குரூசர், பிராடோ வண்டிகளில் பொருத்திய முறை அது. முன் தண்டிலும் பின் தண்டிலும் ஒவ்வொரு எண்ணெய் உருளை. இரண்டையும் இணைக்கும் குழாய்கள். நெடுஞ்சாலை வளைவில் உடல் ஒரு பக்கம் சாயும்போது இரு தண்டுகளும் ஒரே திசையில் முறுகும். இரு உருளைகளிலும் எண்ணெய் ஒரே மாதிரி அழுத்தப்படுவதால் அது போக இடமில்லை. உருளைகள் இறுகி, தண்டுகள் விறைப்பாக நிற்கும். பாறையில் முன் அச்சு ஒரு பக்கமும் பின் அச்சு எதிர்ப்பக்கமும் திருகப்படும்போது ஓர் உருளை தள்ளும் எண்ணெயை மற்றது ஏற்றுக்கொள்ளும். தண்டுகள் தாமாகவே தளரும். மலைச் சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது இரு அச்சுகளும் ஒரே பக்கம் சாய்வதால், அங்கும் விறைப்பு அப்படியே இருக்கும்.

தனித்தனித் தண்டால் வளைவையும் பாறையையும் பிரித்தறிய முடியவில்லை. முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு தண்டுகளால் முடிகிறது. பொத்தான் இல்லை, ஓட்டுநரின் நினைவாற்றலை நம்ப வேண்டியதும் இல்லை. விலையும், சேசிஸுக்கு அடியில் ஓடும் குழாய்களில் கசிவு வந்தால் ஆகும் செலவும்தான் இதன் குறை. அதனால்தான் பழைய ஜீப்புகளில் பின் உருவும் முறை இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது. அவற்றில் பாறைப் பாதை முடியும் இடத்தில் வண்டியை மீண்டும் சமதரையில் நிறுத்தி, தண்டின் கைகளை அவிழ்த்து இறக்கி, லிங்கில் பொருத்தி, இரு பக்கப் பின்களும் பூட்டிக்கொண்டனவா என்று கையால் அசைத்துப் பார்த்து, டயரில் காற்றை நிரப்பிய பிறகே தார்ச் சாலையில் ஏற வேண்டும்.